நடக்காத எட்டு அமர்வுகள்

ஜூன் 3, செவ்வாய்

படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஜூலை இரண்டாம் வாரம் ஆய்வுக் குழு வருகிறது. எங்கள் மருத்துவக் கல்லூரியில் மருத்துவ உளவியல் பயிற்சிப் படிப்பு நீடிக்குமா, ஆறு மாணவர்கள் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டுமா என்பதை அரை நாளில் முடிவு செய்வார்கள். இந்தப் படிப்புக்கு அரசாணை வாங்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

கடிதத்தோடு ஒரு பட்டியல். உளசிகிச்சை முழுமையாக முடிந்த இருபது கோப்புகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து அமர்வுகள். ஓர் அமர்வு முக்கால் மணி நேரம்.

துறைத்தலைவர் டாக்டர் தணிகாசலம் மனநல மருத்துவர். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கொடுப்பார். முக்கால் மணி நேரம் என்ற வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தார்.

"எத்தன ஃபைல் இருக்கு எஸ்தர் மேடம்?"

"பதினொண்ணு சார்."

"இன்னிக்குப் பதினொண்ணு. குழு வர்றப்ப இருபது."

"ஆளுங்க வரணுமே சார். ரெண்டு தடவ வந்துட்டு நின்னுர்றாங்க. ஒரு நாள் கூலிய விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி..."

"நடந்தத எழுதச் சொல்லல மேடம். நடந்திருக்க வேண்டியத எழுதுங்க."

உளசிகிச்சைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

மதியம் ஐந்து பேருக்குச் சோதனை. மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்கும் அட்டைகளில் ஐந்தாவதன் மேல் போன வருடம் யாரோ டீ டம்ளரை வைத்துவிட்டார்கள். அதிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அந்த அட்டையில் நிலாவைப் பார்க்கிறார்கள். புது அட்டை கேட்டு எழுதினேன். பழையது பழுதானதற்குப் பொறியாளர் சான்று கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

இரண்டு முறை வந்து நின்றுபோன ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தேன். முதலாண்டு மாணவி ஷாஜிதா அரசு நாட்காட்டியோடு எதிரே உட்கார்ந்து, நான் போடும் தேதிகளில் விடுமுறை வராமல் பார்த்துக்கொண்டாள்.

"மேடம், செங்கல் சூளை அக்காவுக்கு ஏப்ரல் பதினாலு போட்டிருக்கீங்க. அன்னிக்கு லீவு."

"பதினாறு போடு."

"சரி மேடம். பதினாறாம் தேதி அவங்க அழுவாங்களா, சிரிப்பாங்களா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அழட்டும் என்றேன். குறித்துக்கொண்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒன்பதாவது கோப்பை எழுதினேன்.

ஒச்சப்பன், வயது 44, அரசுப் பேருந்து ஓட்டுநர், மலைப்பாதை வண்டி. போன நவம்பரில் பதினோராம் வளைவில் ஒரு பெண் மூட்டையோடு இறங்கினார். நடத்துநர் இரண்டு விசில் கொடுத்தார். ஒச்சப்பன் வண்டியை எடுத்தார். உருண்டுபோன தூக்குவாளி மூடியை எடுக்க அந்தப் பெண் வண்டிக்கு முன்னால் குனிந்திருந்தது அவருக்குத் தெரியாது. அவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அவருடைய வலது கால் அந்த அறிக்கையை ஏற்கவில்லை.

"ரெண்டு விசில் கேட்டா கால் செத்துப்போகுது மேடம்" என்றார் முதல் நாள். "பிரேக்கு மேலதான் இருக்கு. ஆனா அது என் காலில்ல."

பிப்ரவரியில் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் வந்தார். பிறகு வரவில்லை. மிச்சமிருந்த எட்டு அமர்வுகளையும் நானே நடத்தினேன். மூன்றாவதில் அந்தப் பெண்ணின் பெயரை முதன்முறையாகச் சொன்னார். ஐந்தாவதில் அழுதார். ஏழாவதில் பணிமனையில் நின்ற வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். 'செருப்பைக் கழற்றிய வலது காலின் பெருவிரல் நடுங்குவதைக் கூர்ந்து கவனித்தேன்' என்று எழுதினேன். ஒன்பதாவதில் காலி வண்டியை அடிவாரம் வரை ஓட்டினார். பத்தாவதில் பதினோராம் வளைவில் நிறுத்தி, இறங்கி, சாலையோரம் ஒரு முழம் பூ வைத்துவிட்டு, மேலே ஓட்டிப் போனார்.

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இவ்வளவு நல்ல சிகிச்சையை நான் யாருக்கும் செய்ததில்லை.

கடைசி வரி: 'முழுமையாகக் குணமடைந்தார். பேருந்து ஓட்டும் பணிக்குத் தகுதியானவர்.' இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. கை அதையும் எழுதிவிட்டுத்தான் நின்றது.

ஜூன் 9, திங்கள்

இருபது கோப்புகள். நல்ல தூக்கம்.

ஜூலை 9, புதன்

குழுவில் இருவர். ஒருவர் கழிப்பறைகளை எண்ணப் போனார். மற்றவர், மூத்த பேராசிரியர், ஒச்சப்பன் கோப்பைக் கால் மணி நேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்படி ஒரு கேஸ நான் பாத்ததில்லம்மா" என்றார்.

நானும் பார்த்ததில்லை என்று சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஐந்தாண்டுகளுக்கு அங்கீகாரம். டாக்டர் தணிகாசலம் துறைக்கே லட்டு வாங்கினார். ஒச்சப்பன் கோப்பை மாநாட்டுக் கட்டுரையாக அனுப்பிவிட்டார். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது அவர் மனைவியுடையது, அவர் தோல் மருத்துவர். மூன்றாவது நான். என் இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கும் பரிந்துரை எழுதிவிட்டாராம். எனக்கு ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் வந்துவிடும் என்கிறார்.

ஜூலை 24, வியாழன்

ஒச்சப்பன் வந்தார். மனைவி பஞ்சவர்ணமும் கூட.

பிப்ரவரியில் பார்த்ததைவிடப் பத்துக் கிலோ குறைந்திருப்பார். வலது காலை இழுத்து நடக்கிறார். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"இங்க வரணும்னா பஸ்ஸுல வரணும்ல மேடம்" என்றார். "பஸ்ஸுல விசில் ஊதுவாங்கல்ல."

விசிலுக்குப் பயந்தவரை விசில் வழியாக வரச் சொல்லியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

"இன்னிக்கி என் தம்பி வண்டியில மூணு பேரா வந்தோம்" என்றார் பஞ்சவர்ணம். "லைட் டூட்டி கேட்டு எழுதிப் போட்டோம் மேடம். டெப்போ ஆபீஸ்ல ஏதாச்சும் உக்காந்து பாக்குற வேல. பெரியாஸ்பத்திரி போர்டு சொன்னாக் குடுக்கிறோம்ட்டாங்க. முப்பத்தொண்ணாந்தேதி போர்டு. ஒங்க ஃபைலத்தான் கேப்பாங்களாம்."

"இந்தம்மா சும்மா பயப்படுது மேடம்" என்றார் ஒச்சப்பன். "நீங்கதான எழுதுனீங்க. என் கதை பூரா ஒங்களுக்குத் தெரியும்."

முக்கால் மணி நேரம் பேசினோம். குறிப்பேட்டில் 'மூன்றாம் அமர்வு' என்று எழுதப் போனேன். மூன்றாம் அமர்வு கோப்பில் பிப்ரவரி 25 அன்றே நடந்துவிட்டது. அன்றே அவர் சொல்லி முடித்துவிட்ட அந்தப் பெண்ணின் பெயரை இன்று சொல்ல முடியாமல் வாயைத் திறந்து மூடினார். கடைசியில் 'பதினோராம் அமர்வு' என்று எழுதினேன். அவர்கள் போன பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன்.

ஜூலை 28, திங்கள்

நோய் திரும்பிவிட்டதாக எழுதலாமா என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். ஏப்ரலில் குணம், ஜூலையில் மறுபடி. யாருக்கும் பாதகமில்லை.

"லைட் டூட்டி கேட்ட மாசமே திரும்பிருச்சா? நடிக்கிறான்னுதான் எழுதுவாங்க. அவனுக்கு அது இன்னும் கெடுதல் மேடம்."

அவனுக்கு. அவர் நோயாளிகளின் நலனை மறப்பதேயில்லை.

ஜூலை 31, வியாழன்

மருத்துவ வாரியத்தில் மூன்று டாக்டர்கள். நான் மருத்துவர் அல்ல என்பதால் சுவரோரம் நாற்காலி. எலும்பு மருத்துவர் ஒச்சப்பனைக் குந்தி எழச் சொன்னார். எழுந்தார். பொது மருத்துவர் கோப்பைப் புரட்டினார்.

"நல்லாத்தானப்பா குணமாயிருக்க. வண்டிய எடுத்துட்டுப் பதினோராம் வளைவு வரைக்கும் போயிருக்க. பூவெல்லாம் வச்சிருக்க."

"நான் போகலிங்க சார்."

"மேடம் எழுதியிருக்காங்க."

ஒச்சப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

பணிக்குத் தகுதியானவர் என்று எழுதினார்கள். ஆகஸ்ட் 11 அன்று சேர வேண்டும். ஆள் பற்றாக்குறை மலைப்பாதையில்தான் இருக்கிறதாம்.

அதே நாள்

மேலே எழுதியது சரியல்ல. அடுத்தவரை உடனே அழைக்கவில்லை. சுவர்க் கடிகாரம் எனக்கு நேரே இருந்தது. மூன்று நிமிடம் ஆயிற்று. அந்த மூன்று நிமிடத்தில் ஒச்சப்பன் சொன்னது: "மேடம் எழுதியிருந்தா சரியாத்தான் சார் இருக்கும். எனக்குத்தான் மறந்துபோச்சு போல."

ஆகஸ்ட் 2, சனி

பஞ்சவர்ணம் தனியாக வந்தார்.

"நைட்டும் பகலும் என்னையவே கேக்குறாரு மேடம். நான் போனனா, பூ வச்சனா, நீயும் வந்தியான்னு. இல்லய்யாங்கிறேன். ஒனக்கும் மறந்துருச்சாடிங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? மேடம் பொய் எழுத மாட்டாங்கங்கிறாரு. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு, நடந்ததெல்லாம் அழிஞ்சு போச்சுன்னு தலையில தலையில அடிச்சுக்கிறாரு. அந்த ஃபைல ஒரு காப்பி குடுங்க மேடம். அவரு படிச்சுப் பாக்கணுமாம். படிச்சா ஞாபகம் வரும்ங்கிறாரு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மலைப்பாதையில எறங்கும்போது அந்தக் கால் நின்னுபோச்சுன்னா அம்பது பேரு மேடம்."

பார்க்கலாம் என்றேன். இந்த வார்த்தையை நான் இந்த ஊரில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

துறைத்தலைவரிடம் உண்மையை வாரியத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"ஒரு ஃபைல் பொய்னா இருபதும் பொய்தான மேடம். கோர்ஸ் போச்சு. ஆறு பசங்க ரோட்ல. ஒங்க பென்ஷன் என்னாகும்னு எனக்குத் தெரியாது."

"அந்த வண்டி என்னாகும் சார்?"

"ஓட்டிருவான் மேடம். இருபது வருஷம் ஓட்டுன கால். நாமதான் பெருசு பண்றோம்."

எட்டு அமர்வுகளும் பொய் என்று தெரிந்தும் அவற்றை முழுமையாக நம்புகிறவர் அவர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கடிதத்தின் முதல் வரைவு: 'மேற்படி கோப்பில் நிர்வாகக் காரணங்களை முன்னிட்டுச் சில பதிவுகளில் வேறுபாடு ஏற்பட்டிருக்க வாய்ப்புள்ளது.' இதைப் படித்தால் நானே எனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிடுவேன். நான்காவது வரைவில் 'வேறுபாடு' போயிற்று. ஏழாவதில் மூன்று வாக்கியங்கள் மிஞ்சின. 'எட்டு அமர்வுகள் நடக்கவில்லை. நானே எழுதினேன். அவர் வண்டி ஓட்டக் கூடாது.'

ஷாஜிதா தட்டச்சு செய்து கொடுத்தாள்.

"மேடம், நாட்காட்டி பாத்தது நான்னும் சேத்துக்கவா?"

"வேண்டாம்."

"எங்க வீட்ல நான்தான் மேடம் மொத பட்டதாரி" என்றாள். எதற்குச் சொன்னாள் என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் தாளைக் கசக்காமல் என் கையில் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தபால் பிரிவில் கடிதத்தை வாங்க மறுத்தார்கள். துறைத்தலைவர் வழியாக வர வேண்டும். துறைத்தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சொல்வதாக மேசை இழுப்பறையில் வைத்தார். மூன்று வாக்கியங்கள்.

பணிமனைக்கு நேரில் போனேன். மேலாளர் மரியாதையாக நாற்காலி போட்டார். "போர்டு ஆர்டரை மாத்தணும்னா போர்டுதான் மேடம் எழுதணும்" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பஞ்சவர்ணம் போன் செய்தார். நாளை காலை ஐந்து ஐம்பதுக்கு முதல் வண்டி. ஒச்சப்பன் சட்டை தேய்த்து வைத்துவிட்டாராம். பொட்டலமாகப் பூ வாங்கி வைத்திருக்கிறாராம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஐந்தரைக்குப் பேருந்து நிலையத்தில் இருந்தேன். வண்டி நிரம்பியிருந்தது. மலைத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், இரண்டு ஆசிரியைகள், கோழிக்கூடையோடு ஒருவர். ஒச்சப்பன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மேடம், வந்துட்டீங்களா! நீங்க இருந்தா எனக்கு ஞாபகம் வந்துரும்." பிறகு குனிந்து, ரகசியம் போலக் கேட்டார். "இத நான் ஏற்கெனவே ஒருக்கா பண்ணிருக்கேன்ல?"

ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. என் தொழிலில் அப்படிப்பட்ட கேள்விகளைத் தவிர்க்கச் சொல்லிப் பாடம் நடத்துகிறேன்.

நடத்துநர் பின்னாலிருந்து இரண்டு விசில் கொடுத்தார். ஒச்சப்பனின் முழங்கால் ஒரு தடவை துடித்தது. பிறகு அசையவில்லை. கை மட்டும் கியரைத் தேடியது.

"இல்ல" என்றேன்.

"என்ன மேடம்?"

"நீங்க போகல. வண்டியில ஏறல. பூ வைக்கல. நீங்க வந்தது ரெண்டே தடவ. மிச்சத்த நான் வீட்ல உக்காந்து எழுதுனேன். பொய்."

சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல. முன் வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். சாவியை எடுத்து நடத்துநரிடம் நீட்டினார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"அப்ப எனக்குப் புத்தி கெடலையா மேடம்?"

"இல்ல."

இறங்கி என் போனை வாங்கி மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், நான் போகவே இல்லடி! மேடமே சொல்லீட்டாங்க! நீ சொன்னதுதான் கரெக்ட்டு!" அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோப்பில் இரண்டு இடத்தில் சிரித்ததாக எழுதியிருந்தேன்.

"ஏம்மா" என்றார் ஜன்னலோரம் ஒரு பெண், "ஒங்க பஞ்சாயத்த அப்பறமா வச்சுக்கங்க. ஏழு மணிக்கு எல பறிக்கணும். வேற டிரைவரக் கூப்புடச் சொல்லுங்க."

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டு குறிப்பாணைகள். ஒச்சப்பனுக்கு: பணி செய்ய மறுத்ததால் தற்காலிகப் பணிநீக்கம். எனக்கு: அரசுப் பேருந்து புறப்படுவதைப் பத்தொன்பது நிமிடம் தடுத்ததற்கு விளக்கம் கேட்டு. பொய்க் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் குற்றமாக எழுதினால் அங்கீகாரத்தையும் எழுத வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டாக்டர் தணிகாசலம் மிகக் கனிவாகப் பேசினார். வேலைப்பளுவில், செய்யாத தவறுகளைச் செய்ததாக எனக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டிருக்கிறதாம். இரண்டு வாரம் ஓய்வு. புறநோயாளி எண் போட்டு எனக்கே ஒரு கோப்பு திறந்திருக்கிறார். 'குற்ற உணர்வு சார்ந்த பிறழ் நம்பிக்கை' என்று எழுதி, மாத்திரையும் எழுதியிருக்கிறார்.

மூன்று நிமிடம்தான் ஆயிற்று. என் கோப்பில் எல்லா வரியும் தெளிவாக இருந்தது. வாசலுக்கு வந்து அதை இரண்டாம் முறை படித்தபோது, ஒருவேளை அந்த அமர்வுகள் நடந்திருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தேன். ஒச்சப்பனுக்கு நான் செய்தது என்ன என்று அந்தக் கணத்தில்தான் புரிந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நான் பொய் சொன்னேன் என்பதற்குச் சான்று தேடிக்கொண்டிருக்கிறேன். புறநோயாளிப் பதிவேட்டில் எட்டு நாட்களுக்கும் அவர் பெயரை நானே சேர்த்திருக்கிறேன். நல்ல கையெழுத்து. எந்தச் சந்தேகமும் வராது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

ஏழாம் அமர்வு, மார்ச் 25. ஏழு ஏழு நாளாகக் கூட்டிப் போட்ட தேதி. ஷாஜிதா அரசு விடுமுறைகளைப் பார்த்தாள். என்னுடைய விடுமுறையை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. மார்ச் 24 முதல் 26 வரை இதே மருத்துவமனையின் கண் பிரிவில், எட்டாம் எண் கட்டிலில், புரை அறுவை முடிந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன். விடுவிப்புச் சீட்டில் முத்திரை இருக்கிறது. அன்றைக்குத்தான் நான் ஒச்சப்பனின் கால் பெருவிரலைக் கூர்ந்து கவனித்திருக்கிறேன்.

சீட்டையும் ஏழாம் அமர்வையும் நகலெடுத்து, வாரியத்துக்கும் கவுன்சிலுக்கும் பணிமனைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். யார் வழியாகவும் அனுப்பவில்லை.

ஷாஜிதா தபால் நிலையம் வரை கூட வந்தாள். திரும்பும்போது பேசவில்லை. பேருந்து நிறுத்தத்தில், "வரேன் மேடம்" என்றாள். நாளை என்று சேர்க்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

அங்கீகாரம் ரத்து. மாணவர்களை வேறு கல்லூரிக்கு மாற்றுவது பரிசீலனையில் இருக்கிறதாம். நான் பணியிடை நீக்கம். டாக்டர் தணிகாசலம் ஏமாற்றப்பட்டவர் என்று அறிக்கை சொல்கிறது. கோப்பை நம்பிப் பழகியவர், உண்மையாகவும் இருக்கலாம்.

ஒச்சப்பனை மறுபடி பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது.

செப்டம்பர் 16, செவ்வாய்

புத்தகங்களை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள். போனால் அறைக்குப் புதுப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் விடுப்பில். வெளியே பெஞ்சில் ஒச்சப்பன் உட்கார்ந்திருந்தார். பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார்.

"செவ்வாக்கெழமதான மேடம் நம்ம நாளு" என்றார்.

எனக்கு இப்போது யாரையும் பார்க்க அதிகாரம் இல்லை என்று விளக்கினேன். கேட்டுவிட்டு நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். மாரீஸ்வரி. இரண்டு பிள்ளைகள். தூக்குவாளி மூடியை எடுத்துக்கொண்டுதான் செத்திருக்கிறாள், கையிலிருந்து அதைப் பிரிக்க முடியவில்லை என்றார். கோப்பில் நான் அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். குறிப்பு எதுவும் எடுக்கவில்லை.